ஓட்டஸ் எம்எல் வந்தாச்சு, அடுத்தது எது? மேனுவல் ஃபோகஸ் லென்ஸுக்காகக் காத்திருக்கும் வடசென்னைக்காரர்கள் வாருங்கள்

ராயபுரம்_விடியல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். 2025 பிப்ரவரியில், ஜெர்மன் லென்ஸ் நிறுவனமான ஜைஸ், ஓட்டஸ் எம்எல் என்று 50 எம்எம், 85 எம்எம் இரண்டையும் அறிவித்ததிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை. இரண்டும் எஃப்/1.4 (லென்ஸ் திறப்பின் அளவு, எண் சிறிதானால் திறப்பு பெரிது). இரண்டும் முழுக்க மேனுவல், ஃபோகஸ் வளையத்தை நாமே கையால் திருப்ப வேண்டும். சோனி இ, நிகான் இசட், கேனான் ஆர்எஃப் மூன்றுக்கும் வருகின்றன. இந்த வரிசை இரண்டோடு நிற்காது என்று நம்புகிறேன். நான் எதிர்பார்ப்பது 35 அல்லது 28. ஏன் என்று சொல்கிறேன்.

காசிமேட்டில் பதினோரு வருடமாகப் படம் எடுக்கிறேன். சோறு போடுவது கல்யாண வேலை, அதற்கு ஆட்டோஃபோகஸ். துறைமுகத்துக்குப் போகும்போது மேனுவல் லென்ஸ்தான். விடியற்காலை ஏலம் சூடு பிடிக்கும்போது கேமராவுக்கும் ஆளுக்கும் நடுவில் ஒரு கை, ஒரு தோள், ஐஸ் பெட்டி, தலைமேல் கூடை என்று ஏதாவது குறுக்கே வந்துகொண்டே இருக்கும். ஆட்டோஃபோகஸ் எது முதலில் வருகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். நான் வளையத்தை இரண்டு மீட்டரில் வைத்துவிட்டு, ஏலம் விடும் அம்மா அந்தத் தூரத்துக்கு வரும்வரை காத்திருப்பேன். வந்தவுடன் அழுத்துவேன். இந்த வேலையை எனக்கு வேறு எந்த லென்ஸும் செய்து தரவில்லை.

பிரச்சினை மீனில் இருக்கிறது. வாளை மீனைக் கூடையில் அடுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், ரசம் பூசிய கண்ணாடி மாதிரி இருக்கும். எல்இடி விளக்கு அதன் முதுகில் பட்டுத் தெறிக்கிற ஒவ்வொரு புள்ளியிலும் என் 35 எம்எம் லென்ஸ் சாயம் பூசுகிறது. ஃபோகஸ் இருக்கும் இடத்துக்கு முன்னால் உள்ள மினுக்கு ஊதாவாக வருகிறது, பின்னால் உள்ளது பச்சையாக வருகிறது. கம்ப்யூட்டரில் ஊதாவை அழித்தால், வாளையின் உடம்பில் இயல்பாகவே ஓடுகிற நீலச் சாயலும் சேர்ந்து போய்விடுகிறது. அப்புறம் அது மீனாகவே தெரிவதில்லை, அலுமினியத் தகடு மாதிரி கிடக்கிறது.

நீலம், பச்சை, சிவப்பு மூன்றும் ஒரே தளத்தில் வந்து சேராததுதான் காரணம். அவற்றைச் சேர்த்து வைப்பதற்குப் பெயர்தான் அபோக்ரோமாட். ஜைஸ் நிறுவனத்தின் விஞ்ஞானி எர்ன்ஸ்ட் அபே 1886-லேயே நுண்ணோக்கிக்கு இதைச் செய்துவிட்டார். கேமராவில், அதுவும் எஃப்/1.4 அளவுக்குத் திறந்து வைத்து இதைச் செய்வதற்குத்தான் இத்தனை விலை. 2013-ல் வந்த முதல் ஓட்டஸ் 55-இன் விலை 3,999 டாலர், எடை ஒரு கிலோ. எம்எல் 50-இன் விலை 2025-ல் அறிவித்தபோது 2,499 டாலர், எடை 700 கிராமை ஒட்டி. கண்ணாடியின் தரத்தைக் குறைத்துவிட்டார்களோ என்று சந்தேகப்பட வேண்டியதில்லை. உள்ளே மிரர் வைத்த பழைய வகைக் கேமராவான டிஎஸ்எல்ஆரில் அந்த மிரர் ஆட இடம் வேண்டும் என்பதால், லென்ஸைப் பூட்டும் இடமான மவுன்ட்டிலிருந்து சென்சார் 44 மி.மீ. (கேனான்), 46.5 மி.மீ. (நிகான்) தள்ளி இருந்தது. மிரர் இல்லாத மிரர்லெஸ் கேமராவில் அது சோனிக்கு 18, நிகானுக்கு 16, கேனானுக்கு 20. அந்த இடைவெளியைத் தாண்டி ஒளியை வளைத்துக் கொண்டுபோகும் பாரம் லென்ஸுக்குக் குறைந்துவிட்டது.

என் கேள்வி இதுதான். அடுத்து வரப்போகும் உயர்தர மேனுவல் லென்ஸில் உங்களுக்கு எது முக்கியம்? இன்னும் பெரிய திறப்பா, சுத்தமான நிறமா, சின்ன உடம்பா? நான் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும். ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. அதற்குள் ஒரு முடிவுக்கு வர ஆசைப்படுகிறேன்.

தண்டையார்பேட்டை_095 எழுதியது:

அண்ணே, எனக்குத் திறப்புதான் முக்கியம். எங்கள் தெரு கேரம் கிளப்பில் போர்டுக்கு மேலே ஒரே ஒரு பல்பு. சுற்றி நிற்கிறவர்கள் முகத்தில் போர்டிலிருந்து எதிரொளிக்கிற வெளிச்சம் மட்டும்தான். எஃப்/2-இல் எடுத்தால் ஐஎஸ்ஓ, அதாவது சென்சாரின் ஒளி உணர்திறன், 12,800-க்குப் போய்ப் படம் மணல் மணலாகிறது. 50 எம்எம் எஃப்/0.95 ஒன்று சீனத் தயாரிப்பு வாங்கியிருக்கிறேன். முழுக்கத் திறந்தால் கொஞ்சம் சோப்பு நுரை மாதிரி இருக்கும், ஆனால் அந்த வெளிச்சத்தில் முகம் கிடைக்கிறது. ஜைஸோ வாய்க்லாண்டரோ அதே 0.95-ஐச் சுத்தமாகச் செய்து கொடுத்தால் இரண்டு வருடம் சேர்த்தாவது வாங்குவேன். நிகான் நாக்ட் 58 எம்எம் எஃப்/0.95 இருக்கிறது என்று தெரியும். அதன் விலையில் ஒரு புது பைக் வாங்கி, மீதிப் பணத்தில் இன்னொரு பைக்கும் பார்க்கலாம்.

வியாசை_புல்லர் எழுதியது:

தம்பி, நான் சினிமாவில் ஃபோகஸ் புல்லராக இருக்கிறேன். நாள் முழுக்க டேப் பிடித்து அளந்து, தரையில் சாக்பீஸ் குறி போட்டு, நடிகர் குறி தவறினாலும் ஃபோகஸ் தவறாமல் பார்த்துக்கொள்வதுதான் பிழைப்பு. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன், திறப்பைப் பற்றிப் பேசும்போது கூடவே ஆழத்தையும் பேச வேண்டும்.

50 எம்எம், எஃப்/1.4, ஆள் இரண்டு மீட்டரில். தெளிவாக இருக்கும் ஆழம் ஏறத்தாழ 13 சென்டிமீட்டர். மூக்கிலிருந்து காது வரை சரியாக இருக்கும். அதே ஆளை ஒரு மீட்டரில் எடுத்தால் 3 சென்டிமீட்டர் சொச்சம். நாக்ட் 58-ஐ 0.95-இல் ஒரு மீட்டரில் வைத்தால் 1.7 சென்டிமீட்டர். கேரம் ஆடுகிறவர் ஸ்ட்ரைக்கரைச் சுண்டும்போது தலை அதைவிட அதிகமாக அசையும். அதனால்தான் நாக்ட்டின் ஃபோகஸ் வளையத்தை ஏறக்குறைய முழு வட்டமாக, 350 டிகிரி திரும்புகிற மாதிரி வைத்தார்கள். அந்த லென்ஸ் இரண்டு கிலோ எடை. முக்காலியில் வைத்துச் செய்யும் நிதானமான வேலைக்கு அது அற்புதமான கருவி. கேரம் கிளப்பில் அது உங்கள் கையைக் கட்டிப்போடும்.

வரப்போகும் லென்ஸில் நான் முதலில் பார்ப்பது வளையம்தான். இரண்டு சங்கதி. ஒன்று, அது உள்ளே உலோக மரையில் நேராக ஓட வேண்டும். ஆட்டோஃபோகஸ் லென்ஸ் பலவற்றில் நாம் வளையத்தைத் திருப்பினால் மோட்டாருக்கு ஒரு தகவல் போகிறது, அவ்வளவுதான். வேகமாகத் திருப்பினால் ஒரு தூரம், மெதுவாகத் திருப்பினால் வேறு தூரம். கைக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. உலோக மரையில் விரல் எங்கே இருக்கிறதோ அங்கே ஃபோகஸ் இருக்கும். ஒரு வாரம் பழகினால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மீட்டருக்கு வரலாம். இரண்டாவது, ஒரு மீட்டரிலிருந்து மூன்று மீட்டர் வரை உள்ள பகுதிக்கு வளையத்தில் நிறைய இடம் கொடுத்திருக்க வேண்டும். நம் வாழ்க்கை எல்லாம் அந்த இரண்டு மீட்டருக்குள்தான் நடக்கிறது.

அப்பெர்ச்சர் வளையத்தில் க்ளிக்கை நிறுத்தும் வசதி எம்எல்லிலும் இருக்கிறது. வீடியோ எடுக்கிறவர்களுக்கு அது நல்லது.

மின்ட்_தெரு_பட்டறை எழுதியது:

நான் லென்ஸ் பிரித்துப் பூட்டுகிறவன். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. நீங்கள் எல்லோரும் கண்ணாடியைப் பற்றியும் வளையத்தைப் பற்றியும் பேசுகிறீர்கள். நம் ஊரில் ஒரு லென்ஸ் எப்படிச் சாகிறது என்று நான் சொல்கிறேன்.

முதலில் கிரீஸ். மேனுவல் லென்ஸ் கையில் அப்படி வெண்ணெய் மாதிரி ஓடுவதற்குக் காரணம் மரைக்குள் இருக்கும் கெட்டியான கிரீஸ். மே மாதம் ஸ்கூட்டர் டிக்கியில் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு எடுத்துப் பாருங்கள், வளையம் லொடலொடவென்று ஓடும். அந்தச் சூட்டில் கிரீஸிலிருந்து எண்ணெய் பிரிந்து மெல்ல மெல்ல அப்பெர்ச்சர் இதழ்களுக்குப் போய்விடும். இதழ் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். போன வாரம் ஒருவர் கொண்டுவந்த லென்ஸில் ஒன்பது இதழில் ஐந்து ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்துத் திரும்ப வைக்க ஒரு முழு நாள் ஆனது.

அடுத்தது உப்பு. இதில் ராயபுரம் தம்பிதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அலுமினிய மரையில் கடல் காற்று புகுந்தால் வெள்ளையாகப் பொடி பூக்கும். தொட்டால் விபூதி மாதிரி விரலில் ஒட்டும். அந்தப் பொடியோடு வளையத்தைத் திருப்பினால் மரையே தேய்ந்துபோகும். பிறகு எந்த கிரீஸ் போட்டாலும் பழைய ஓட்டம் வராது.

மூன்றாவது ஃபங்கஸ். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் லென்ஸைப் பைக்குள்ளேயே பூட்டி வைத்தால் தையில் எனக்கு வேலை வரும். நூல் நூலாகப் படர்ந்து கோட்டிங்கைத் தின்றுவிடும். ஆரம்பத்திலேயே பார்த்தால் துடைத்துவிடலாம். கோட்டிங் போன பிறகு என்னால் எதுவும் செய்ய முடியாது.

அதனால் எனக்கு வரப்போகும் லென்ஸில் வேண்டியது ரப்பர். மவுன்ட்டில் மட்டும் இல்லை, வளையங்களுக்கு அடியிலும் வேண்டும். ஓட்டஸ் எம்எல் மவுன்ட்டில் நீல நிறத்தில் ஒரு ரப்பர் வளையம் போட்டிருக்கிறார்கள், அது நல்ல தொடக்கம். இன்னொன்றும் வேண்டும்: பிரித்துப் பூட்ட முடிகிற உடம்பு. மரையும் திருகும் வைத்த பழைய லென்ஸை ஐம்பது வருடம் கழித்தும் என்னால் திறக்க முடிகிறது. பசை போட்டு ஒட்டியதைத் திறந்தால் உடையும்.

எண்ணூர்_கழிமுகம் எழுதியது:

பட்டறை அண்ணா சொன்னதை எழுதி ஒட்டி வைக்க வேண்டும். என் அனுபவம் ஒன்று சொல்கிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்தபோது எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்து வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். நான் தினமும் போனேன். கொசஸ்தலை ஆற்றில் படகின் விளிம்பு, வலை, துடுப்பு, பெலிக்கன் பறவையின் மார்பு, எல்லாவற்றிலும் கறுப்பு. ஒரு மீனவத் தாத்தா தன் உள்ளங்கையைக் காட்டினார். கை ரேகைக்குள் எல்லாம் எண்ணெய். அந்தக் கையைத்தான் படம் எடுத்தேன், ஒரு முழத் தூரத்தில், வளையத்தை நானே திருப்பி. என் கையிலும் எண்ணெய் இருந்தது. அது வளையத்தின் பள்ளங்களில் இறங்கிவிட்டது. பல் துலக்கும் பிரஷ் வைத்து ஒரு வாரம் தேய்த்தேன். இன்னும் முகர்ந்தால் லேசாக அந்த வாசனை இருக்கிறது.

அந்த லென்ஸ் ஜைஸ் லாக்ஸியா 21 எம்எம் எஃப்/2.8. 2015-ல் வந்தது. முழு உலோகம், கைக்குள் அடங்கும், மவுன்ட்டில் ரப்பர். மின் தொடர்பு இருப்பதால் வளையத்தைத் தொட்டவுடன் கேமரா தானாகவே படத்தைப் பெரிதாக்கிக் காட்டும். உள்ளங்கை ரேகையில் எது கூர்மை என்று அப்படித்தான் பார்த்தேன். ஐந்து லாக்ஸியாவோடு வரிசை நின்றுபோனது. 2018-க்குப் பிறகு புதிதாக எதுவும் வரவில்லை. ஓட்டஸ் எம்எல் வந்த செய்தியைப் படித்ததும் எனக்குத் தோன்றியது, இவர்கள் மேனுவலைக் கைவிடவில்லை என்று. ஆனால் எனக்கு வேண்டியது ஓட்டஸின் தம்பி. எஃப்/2 அல்லது 2.8, 350 கிராம், நன்றாக மூடிய உடம்பு. படகில் ஒரு கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எடுக்கிறவர்களுக்கு ஒரு கிலோ லென்ஸ் சுமைதான்.

ராயபுரம் தம்பி, நீங்கள் 28 கேட்பதால் ஒன்று சொல்ல வேண்டும். லைகா எம் மவுன்ட் லென்ஸ் வாங்கி அடாப்டரில் சோனியில் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். அகலக் கோணத்தில் அது வேண்டாம். சென்சாருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடித் தகடு சோனியில் தடிமன், லைகாவில் மெலிது. எம் லென்ஸின் ஒளி ஓரத்தில் சாய்வாக வந்து விழும். தடித்த தகட்டில் அது சிதறி, ஓரம் எல்லாம் தண்ணீர் பட்ட மையாகிவிடும். 50-க்கு மேல் பெரிதாகத் தெரியாது, 28-இல் நன்றாகவே தெரியும். மிரர்லெஸ்ஸுக்கென்றே கணக்குப் போட்டுச் செய்ததை வாங்குங்கள்.

பெரம்பூர்_லோகோ எழுதியது:

ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன். என்னிடம் நிகானின் பழைய மேனுவல் லென்ஸ் ஒன்று, ஏஐ நிகார் 50 எம்எம் எஃப்/1.8, இருக்கிறது. பர்மா பஜாரில் வாங்கியது. ராயபுரம் ஸ்டேஷனை அதில்தான் எடுத்திருக்கிறேன், 1856-ல் திறந்த கட்டடம், அந்தத் தூண்களை எத்தனை தடவை எடுத்தாலும் எனக்குத் திகட்டாது.

புதியவர்களுக்கு ஒரு வரலாறு. இரவுக்கென்று லென்ஸ் செய்வது இப்போது வந்த யோசனை இல்லை. நிகான் 1977-லேயே நாக்ட் 58 எம்எம் எஃப்/1.2 செய்தது. எதற்கு என்றால், முழுக்கத் திறந்தபோது படத்தின் ஓரத்தில் தெருவிளக்கு சிறகு விரித்த பறவை மாதிரி இழுத்துக்கொண்டு போகும், அதைப் புள்ளியாகவே நிறுத்துவதற்கு. எண்ணூர் பக்கம் இரவில் அனல்மின் நிலைய விளக்குகளை எடுத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். வாய்க்லாண்டர் என்ற பெயர் 1756-ல் வியன்னாவில் தொடங்கியது. இப்போது அந்தப் பெயரில் செய்வது ஜப்பானின் கோசினா. பழைய ஓட்டஸையும் செய்தது கோசினாதான். அதனால் இரண்டு பெயருக்கும் பின்னால் ஒரே கைகள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அதனால்தான் கேட்கிறேன், ராயபுரம் தம்பி. வாய்க்லாண்டர் அபோ-லாந்தர் 35 எம்எம் எஃப்/2 சோனிக்கு 2021-லேயே வந்துவிட்டதே. நிறம் சுத்தம், உடம்பு சின்னது, மரையில் ஓடுகிறது. நீங்கள் கேட்கிற எல்லாமே அதில் இருக்கும்போது வராத லென்ஸுக்கு ஏன் காத்திருக்க வேண்டும்? எஃப்/1.4-க்கும் எஃப்/2-க்கும் நடுவில் ஒரே ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் பாதியாகும் அளவு. அந்த ஒரு ஸ்டாப்புக்காக எத்தனை விடியலை விடப் போகிறீர்கள்?

ராயபுரம்_விடியல் எழுதியது:

ஐயா, நீங்கள் கேட்டது என்னைத் தூங்க விடவில்லை. உண்மையான பதில், நான் அந்த லென்ஸைக் கையில் எடுத்ததே இல்லை. எஃப்/2 காசிமேடு வெளிச்சத்துக்குப் போதாது என்று நானாகவே முடிவு செய்து வைத்திருந்தேன். பத்து வருடத்துக்கு முன் என்னிடம் இருந்த கேமராவை வைத்துச் செய்த முடிவு அது. இப்போதைய சென்சாரில் சோதித்துப் பார்க்கவே இல்லை.

ரப்பர் பற்றிப் பட்டறை அண்ணன் சொன்னதும் உறைத்தது. வீட்டுக்கு வந்தவுடன் லென்ஸை ஈரத் துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்கிறேன். அது போதுமா அண்ணா?

மின்ட்_தெரு_பட்டறை எழுதியது:

போதும் தம்பி. ஆனால் துணியை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழியுங்கள், போர் தண்ணீர் வேண்டாம், நம் பக்கம் அதிலேயே உப்பு. சிலிக்கா ஜெல் நிறம் மாறினால் வறுத்துத் திரும்பப் போடுங்கள். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று டப்பாவுக்குள் வையுங்கள். 40-க்கும் 50-க்கும் நடுவில் நின்றால் நிம்மதி. அதற்கும் கீழே இறக்க வேண்டியதில்லை.

வியாசை_புல்லர் எழுதியது:

பேசிக்கொண்டே இருப்பதைவிடப் பார்த்துவிடலாம். எனக்குத் தெரிந்தவர் ஒருவரிடம் பழைய ஓட்டஸ் 55 இருக்கிறது, நிகான் மவுன்ட். ஒரு நாள் கேட்டால் கொடுப்பார். எம்எல் நம்மில் யாரிடமும் இல்லை, ஆனால் இந்தக் குடும்பம் நிறத்தை எப்படிக் கையாள்கிறது என்று தெரிந்துகொள்ள இது போதும். ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாமா? யாரிடமாவது அபோ-லாந்தர் இருக்கிறதா?

எண்ணூர்_கழிமுகம் எழுதியது:

என்னிடம் அபோ-லாந்தர் 50 எம்எம் எஃப்/2 இருக்கிறது, சோனி மவுன்ட். 35 இல்லை, ஆனால் அதே குணம்தான். கொண்டுவருகிறேன். மூன்றரை மணிக்கு மார்க்கெட் வாசல்.

தண்டையார்பேட்டை_095 எழுதியது:

நானும் வரேன் அக்கா. 0.95-ஐயும் கொண்டுவரேன்.

ராயபுரம்_விடியல் எழுதியது:

நேற்று ஞாயிறு. ஐந்து பேர் வந்தோம், பெரம்பூர் ஐயா முதல் ஆளாக வந்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன், வராதவர்களுக்குப் பயன்படும்.

கேமரா ஒன்றே ஒன்று, என் சோனி. நான்கு லென்ஸ்: ஓட்டஸ் 55, அபோ-லாந்தர் 50, ஐயாவின் ஏஐ நிகார் 50, தம்பியின் 0.95. ஓட்டஸையும் நிகாரையும் அடாப்டரில் போட்டோம். அடாப்டரின் நீளம் மட்டும் 28.5 மி.மீ., மிரர் இருந்த காலத்து வெற்றிடத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நடந்த மாதிரி இருந்தது. எல்இடி விளக்கில் எலக்ட்ரானிக் ஷட்டர் பட்டை பட்டையாகக் கோடு போட்டது, அதனால் மெக்கானிக்கல் ஷட்டர், 1/100. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த வேகத்தில் கோடு நின்றுவிடுகிறது.

ஏலம் விடும் அம்மா ஒருவரிடம் கேட்டு, ஒரு கூடை வாளையை விளக்குக்கு நேர் கீழே வைத்தோம். "மீனை வாங்க வந்தீங்களா, ஜாதகம் பார்க்க வந்தீங்களா?" என்று கேட்டார். கால் மணி நேரம் பொறுத்துக்கொண்டார். அவருக்கு நன்றி. எல்லா லென்ஸும் எஃப்/2-இல், ஒரு மீட்டரில், கூடையின் நடுவில் இருந்த ஒரு மீனின் கண்ணில் ஃபோகஸ்.

நிகார்: கண் கூர்மை. கண்ணுக்கு முன்னால் கிடந்த மீன்களின் மினுக்கு எல்லாம் ஊதா. எஃப்/5.6-க்கு மூடினால் பெரும்பாலும் மறைந்தது, ஆனால் அதற்குள் ஐஎஸ்ஓ மூன்று ஸ்டாப் ஏறிவிட்டது.

0.95: எஃப்/2-இல் நிகாரைப் போலத்தான். தம்பி முழுக்கத் திறந்தும் ஒன்று எடுத்தார். நிறம் கலங்கியிருந்தது, ஆனால் பின்னால் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவரின் உருவம் பாலில் கரைந்த மாதிரி வந்திருந்தது. அந்தப் படத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஓட்டஸ்: திரையில் நூறு சதவீதம் பெரிதாக்கி, முன்னால், பின்னால் எங்கே தேடியும் சாயம் இல்லை. வெள்ளைப் புள்ளி வெள்ளையாகவே இருந்தது. வாளையின் முதுகில் ஒரு மயிரிழை நீலம் ஓடுகிறதே, அதை முதல் தடவையாகப் படத்தில் பார்த்தேன். பதினோரு வருடமாக நேரில் பார்த்துக்கொண்டிருக்கிற நீலம்.

அபோ-லாந்தர்: அதே நீலம். நான் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து ஐயாவிடம் எது எது என்று கேட்டேன். அவரால் நடுப்பகுதியை வைத்துச் சொல்ல முடியவில்லை. ஓரத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். அபோ-லாந்தரில் எஃப்/2-இல் மூலைகள் நன்றாகவே இருட்டாகின்றன. காசிமேட்டில் மூலை எப்படியும் இருட்டுதான், எனக்கு அது உறுத்தவில்லை.

பிறகு ஏலக் கூட்டத்துக்குள் போனோம். எனக்கு இரண்டு லென்ஸில்தான் நேரம் கிடைத்தது. ஓட்டஸில் நாற்பது படம், அபோ-லாந்தரில் நாற்பது படம். கண்ணில் ஃபோகஸ் சரியாக விழுந்தவை ஓட்டஸில் இருபத்திரண்டு, அபோ-லாந்தரில் முப்பத்தொன்று. ஓட்டஸ் குறைந்த லென்ஸ் என்று அர்த்தம் இல்லை. 1.4-இல் ஆழம் குறைவு, வளையத்தின் சுழற்சி நீளம், அடாப்டரோடு சேர்த்து ஒரு கிலோவைத் தாண்டிய எடை, தோளில் ஆள் இடித்துக்கொண்டே இருந்தார்கள். புல்லர் அண்ணன் அதே ஓட்டஸில் நின்ற இடத்தில் பதினைந்து படம் எடுத்தார், பதினான்கு சரி. கை பழகிய கை.

ஐஎஸ்ஓ விஷயம். எஃப்/2-இல் 6,400-இல் எடுத்தேன். வீட்டில் அச்சுப் போட்டுப் பார்த்தேன், பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலம். மணல் மணலாக இருந்தது உண்மை. ஆனால் அந்த அம்மாவின் மூக்குத்திக் கல் தனியாகத் தெரிகிறது. ஊதா இல்லை.

அதனால் என் எண்ணம் மாறியிருக்கிறது. வரப்போகும் லென்ஸ் எஃப்/1.4-ஆ 0.95-ஆ என்று இனிமேல் கேட்கப்போவதில்லை. அபோ நிறமும், 35-இல் எஃப்/2-ம், மவுன்ட்டிலும் வளையத்திலும் ரப்பரும், இரண்டு மீட்டர் சுற்று வட்டாரத்துக்கு நிறைய இடம் விட்ட மரையும் ஒரே உடம்பில் வந்தால் அன்றே வாங்குவேன். அந்தக் கூட்டு இன்னும் யாரும் எனக்குத் தெரிந்து செய்யவில்லை. அபோ-லாந்தரில் ரப்பர் இல்லை, அது ஒன்றுதான் என்னை யோசிக்க வைக்கிறது.

தண்டையார்பேட்டை_095 எழுதியது:

அண்ணே, நீங்கள் காட்டிய பிறகு என் பழைய கேரம் படங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். ஸ்ட்ரைக்கர் ஓரத்தில் ஊதா இருக்கிறது. முன்னால் கண்ணில் பட்டதே இல்லை. இருந்தாலும் நான் பெரிய திறப்புக்குத்தான் காத்திருப்பேன். எங்கள் கிளப்பில் வெளிச்சம் உங்கள் மார்க்கெட்டில் பாதிகூட இல்லை. சுத்தமான ஒன்று வரட்டும், அதுவரை இதிலேயே கையைப் பழக்குகிறேன்.

வியாசை_புல்லர் எழுதியது:

தம்பி சொல்வது சரி. அவர் வெளிச்சம் வேறு, நம் வெளிச்சம் வேறு. தம்பி, அடுத்த தடவை போர்டின் ஓரத்திலிருந்து நாற்காலி வரை டேப்பில் அளந்து, வளையத்தில் ஒரு சின்ன வெள்ளை டேப் ஒட்டிக் குறி போட்டுக்கொள்ளுங்கள். நான் வந்து காட்டித் தருகிறேன்.

பெரம்பூர்_லோகோ எழுதியது:

இத்தனை வருடமாக என் நிகாரில் எஃப்/5.6-க்குக் கீழே போனதே இல்லை, வெயிலில் எடுக்கிறவன். அதனால் ஊதாவைப் பற்றி எனக்குத் தெரியாமலே போய்விட்டது. நேற்று தெரிந்துகொண்டேன். லென்ஸை மாற்றப்போவதில்லை, ஆனால் வந்தது வீண் போகவில்லை. அந்த டீயும் நன்றாக இருந்தது.

மின்ட்_தெரு_பட்டறை எழுதியது:

ரப்பர் இல்லாத லென்ஸ் என்று பயந்து வாங்காமல் விட வேண்டாம் தம்பி. மவுன்ட் விளிம்பில் வெளியே ஒரு மெல்லிய ரப்பர் பட்டை சுற்றிக்கொள்ளலாம், ஸ்கூட்டர் டியூபில் வெட்டியதே போதும். இறுக்கிச் சுற்றக் கூடாது, வளையத்தைத் தொடக் கூடாது. வருடத்துக்கு ஒரு தடவை தடைக்காலத்தில் என்னிடம் கொடுங்கள். மரையைக் கழுவிப் புது கிரீஸ் போட்டுத் தருகிறேன். ஜூனில் படகு இறங்கும்போது லென்ஸும் தயாராக இருக்கும்.

எண்ணூர்_கழிமுகம் எழுதியது:

தடைக்காலம் வருவதற்கு இன்னும் மூன்று ஞாயிறு இருக்கிறது. என் அபோ-லாந்தர் அதுவரை உங்களிடமே இருக்கட்டும் தம்பி, நான் எப்படியும் 21-ஐத்தான் படகில் எடுத்துப்போகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் திருவொற்றியூர் தேரடி மெட்ரோ வாசலில் தருகிறேன். ஃபில்டர் 49 எம்எம். என்னிடம் இருப்பதில் கீறல் விழுந்துவிட்டது, நீங்கள் ஒன்று வாங்கி வந்துவிடுங்கள், கடல் பக்கம் அது இல்லாமல் போக வேண்டாம்.

ராயபுரம்_விடியல் எழுதியது:

வாங்கிவிட்டேன் அக்கா. ஆறு மணிக்கு வருகிறேன்.